டிஸ்க் போன நாள்

பயந்தவன் பொய் சொல்ல வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. சுற்றி நிற்பவர்களே ஒன்றைத் தயாரித்து அவன் கையில் கொடுத்துவிடுவார்கள். வாங்கிக்கொண்டால் போதும். நான் வாங்கிக்கொண்டேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள். வடக்கே பாணேரில் வாடகை ஃப்ளாட். கணினியின் இயங்குதளத்துக்குள்ளே கெர்னல் என்றொரு உட்கரு இருக்கிறது. அதில் டிஸ்க்குகளுக்குப் போய்வரும் பாதையைக் கவனிக்கும் பகுதியில் எனக்கு வேலை. கேபிள் கழன்றால், டிஸ்க் செத்தது என்று உடனே முடிவு கட்டாமல் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். திரும்பி வந்தால் பழைய ஆள்தான் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். வராவிட்டால் பெயரை நீக்கிவிட வேண்டும். (இதை மாமனாரிடம் விளக்கியபோது, "அப்போ ரயில்வே வெயிட்டிங் லிஸ்ட் மாதிரின்னு சொல்லுங்க" என்றார்.)

மாமனார் திருநெல்வேலியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் குடித்தனம் நடத்துவதைப் பார்க்க முதல் தடவையாக வந்திருந்தார். அவர் ஹாலுக்குள் நுழைந்தாலே, விசில் ஊதாமலே, என் முதுகு நிமிர்ந்துவிடும்.

அன்று காலை வீட்டிலிருந்தே வேலை. திரையில் இரண்டு ஜன்னல்கள். ஒன்று என் சோதனை மெஷின். இன்னொன்று, மதியம் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக எங்கள் குழு தயாரித்து வைத்திருந்த மெஷின். சோதனை மெஷினில் எல்லா டிஸ்க்குகளின் பெயரையும் ஒரே கட்டளையில் நீக்கிப் பார்க்க வேண்டும். தட்டினேன். என்டரை அழுத்தினேன். அதற்குப் பிறகுதான் எந்த ஜன்னலில் தட்டியிருக்கிறேன் என்று பார்த்தேன்.

மெஷின் உடனே சாகவில்லை. அதுதான் கொடுமை. கர்சர் பாட்டுக்குச் சிமிட்டிக்கொண்டிருந்தது. கோப்புகளைக் காட்டு என்றேன். படிக்க முடியவில்லை என்றது. அணைந்து எழுந்திரு என்றேன். அப்படியொரு கட்டளையே கிடைக்கவில்லை என்றது. அந்தக் கட்டளையும் போன டிஸ்க்கில்தான் இருந்தது. குழு பல வாரமாகச் சேர்த்த தரவு, என் வேலை, ஃப்ளாட் வாடகை, மாமனார் முன்னால் என் மரியாதை எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து போயின. நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தேன்.

தோசைத் திருப்பியோடு என் மனைவி செல்வி ஓடி வந்தாள். "என்னங்க, என்னாச்சு?"

"டிஸ்க்... போயிடுச்சு."

"அப்பா, இவருக்கு டிஸ்க் போயிடுச்சாம்!"

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "அசையாதீய மாப்ள. குப்புறப் படுங்க. எத்தனை பயலுவ முதுகுச் சுளுக்க நான் எடுத்துவிட்டிருக்கேன்."

மறுக்க அந்த ஒரு நொடி இருந்தது. ஆனால் வேலை போனவன் என்பதைவிட முதுகு போனவன் என்பது கௌரவமாகத் தெரிந்தது. முனகிக்கொண்டே குப்புறப் படுத்தேன்.

போன் அடித்தது. மேதா, எங்கள் குழுத் தலைவி. நான் அதைப் பார்த்தபடியே கிடந்தேன். மாமனார் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அவர் முழங்கால் என் இடுப்பில் இருந்தது. என் வலது கால் அவர் கையில் இருந்தது.

"மேடம், ஐ ஆம் ஃபாதர் இன் லா. ஹிஸ் டிஸ்க் கான். கம்ப்ளீட் ரெஸ்ட்."

(மாமனாரை விட்டுப் பேசவைக்கும் அளவுக்கா பயந்துவிட்டான் என்று நினைத்தாளாம்.) மேதா நிதானமாகச் சொன்னாள்: "ஐ நோ, அங்கிள். டிஸ்க் கஹீ நஹீ கயா. சிர்ஃப் ராஸ்தா கயா ஹை. பவர் ஆஃப் கர்கே ஆன் கர்னா ஹை, பஸ்."

"என்னம்மா சொல்லுதா?"

செல்வி குழப்பத்தோடு மொழிபெயர்த்தாள். "டிஸ்க் எங்கயும் போகலையாம்ப்பா. வழிதான் போச்சாம். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுமாம்."

"மாப்ளையவா ஆஃப் பண்ணணும்? இவ எந்த ஊரு டாக்டரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தரவு அழியவே இல்லை. கெர்னல் தன் நினைவிலிருந்து டிஸ்க்குகளின் பெயரை எடுத்ததோடு சரி. அந்தப் பகுதியிலேயே வேலை பார்க்கும் எனக்கு, பயத்தில் அது மறந்தே போயிருந்தது. சந்தோஷத்தில் துள்ளி எழுந்தேன். என் கால் இன்னும் மாமனார் பிடியில் இருந்ததை மறந்துவிட்டேன். இடுப்பில் 'டக்' என்று ஒரு சத்தம்.

மேதாவே அலுவலக லேபுக்குள் போய் மெஷினை அணைத்துப் போட்டாள். டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதை, லேப்டாப்பைத் தரையில் வைத்து, குப்புறப் படுத்தபடியே பார்த்தேன். எழுந்திருக்க முடியவில்லை. மதியம் வாடிக்கையாளரிடமும், வீடியோவை அணைத்துவிட்டு, அதே நிலையில்தான் பேசினேன். என் குரலில் நல்ல பணிவு இருந்ததாகச் சொன்னார்களாம்.

மாலையில் மாமனாரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ நான் எந்த டிஸ்க்க இழுத்தேன் மாப்ள?"

ஒரு வாரம் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மேதாவுக்கு அனுப்பிய விடுப்பு மின்னஞ்சலில் 'டிஸ்க் பிரச்சினை' என்று காரணம் எழுதினேன். "எது?" என்று மட்டும் பதில் வந்தது.

இதெல்லாம் செல்வி வீட்டு உறவுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். போன மாதம் தென்காசியில் ஒரு கல்யாணம். வேன் டிரைவர் மண்டபத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தெருத்தெருவாகச் சுற்றினார். முகூர்த்தம் தப்பிவிடுமோ என்று பெண்கள் எல்லோரும் பதற, பின்சீட்டிலிருந்து மாமனார் குரல் கேட்டது.

"யாரும் பயப்படாதீய. மண்டபம் எங்கயும் போகல. வழிதான் போச்சு."

வேன் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.