கெட்டுப்போக மறுத்த ரேடார்

காலை ஏழரை மணிக்கு எதெல்மீரா அலுவலகக் கதவைத் திறந்தபோது ரேடார் ஓடிக்கொண்டிருந்தது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

சான் ஹசிந்தோ துறைமுகத்துக்கு மேலே, குன்றின் உச்சியில், பெரிய வெள்ளைப் பந்துக்குள் இருந்தது அந்த ரேடார். ஊர்க்காரர்கள் அதை முட்டை என்பார்கள். முட்டை பதினொரு நாளாகப் படுத்துக் கிடந்தது. போன மாதம் பத்தொன்பது நாள். எழுந்து உட்காருகிற நாட்களிலும் தென்கிழக்குப் பக்கம் அதற்குக் கண் தெரியாது. திரையில் அந்தக் கால்வாசி எப்போதும் கறுப்பாகவே இருக்கும். மெக்சிகோவின் அந்தக் கரைக்குப் புயலெல்லாம் தென்கிழக்கிலிருந்துதான் வரும்.

நாடு முழுக்க ரேடார்களைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்து மூன்று மாதம் ஆகிறது. இன்று பத்து மணிக்குத் தலைநகரத்திலிருந்து இன்ஜினியர் லஸ்குரைன் நேரில் பார்க்க வருகிறார். எந்த ரேடார் அதிகமாகக் கெட்டிருக்கிறதோ அங்கேதான் முதலில் புதுசு வரும் என்று எல்லா நிலையங்களிலும் பேச்சு. எதெல்மீரா ஆறு வருடமாக இந்த வானிலை நிலையத்தின் பொறுப்பாளர். இரவு முழுக்க நிம்மதியாகத் தூங்கியிருந்தாள். எங்கள் அளவுக்குக் கெட்ட ரேடார் எவரிடம் இருக்கிறது என்கிற நிம்மதி.

"தோன் கிறிஸ்பின்," என்று, மூத்தவர்களை அந்த ஊரில் அழைக்கிற மரியாதையோடு கூப்பிட்டாள். "என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

மெக்கானிக் கிறிஸ்பின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு வருடமாக அந்த ரேடாரோடு மல்லுக்கட்டுகிறவர்.

"சத்தியமா ஒண்ணும் பண்ணல மேடம். குளவிக்கூட்டைக் கலைக்க மேல போனேன். இறங்கறப்போ கதவைச் சாத்தினேன். சுத்த ஆரம்பிச்சிடுச்சு."

"கதவு சாத்தினதுக்கா?"

"கொஞ்சம் பலமா சாத்திட்டேன்."

"திரும்பத் தொறந்து சாத்துங்க."

"அதையும் பண்ணிப் பார்த்துட்டேன். முன்னைக்கு இப்ப இன்னும் நல்லா சுத்துது."

எதெல்மீரா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அது ஓடினதாகச் சரித்திரம் இல்லை, தானாக நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டாள். எட்டரை ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. முட்டை கல்யாண வீட்டில் ஆடுகிறவனைப் போலச் சளைக்காமல் சுற்றியது.

"பொய் சொல்லி ஏமாத்தப் போறதில்ல, தோன் கிறிஸ்பின்," என்றாள். "அதோட நிஜமான குணம் அவருக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

"புரியுது மேடம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற அன்னிக்கு மட்டும் நல்லவனா நடிக்குது."

செயற்கைக்கோள் படத்தில் கடல் சுத்தமாக இருப்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். வானமும் அலம்பிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. பிறகு, "ஏசியை நிறுத்துங்க" என்றாள். அறை சூடேறினால் பத்தே நிமிடத்தில் ரேடார் மயங்கி விழும். எத்தனையோ தடவை விழுந்திருக்கிறது.

கிறிஸ்பின் நிறுத்தினார். ஏசியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரும் நின்றது. அந்தத் தண்ணீர் இத்தனை நாளும் எந்த ஒயர் மேல் சொட்டியதோ, அது காய்ந்ததும் திரையில் எப்போதும் குறுக்கே ஓடும் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. படம் அச்சடித்த மாதிரி வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி வந்து நின்றது.

இன்ஜினியர் லஸ்குரைன் ஒல்லியாக, சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு இருந்தார். பின்னாலேயே டிரைவர் ஃபிதென்சியோ, கையில் பாதி தின்ற மாம்பழத்தோடு. லஸ்குரைன் வணக்கம்கூடச் சரியாகச் சொல்லவில்லை. நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஓடுதே," என்றார்.

"இன்னிக்கு ஏதோ," என்றாள் எதெல்மீரா. "ரூம் வேற சூடா இருக்கு சார். இப்ப அணைஞ்சிடும் பாருங்க."

"சூடாவா இருக்கு?" என்று அவர் தானே போய் ஜன்னலைத் திறந்தார். துருப்பிடித்துப்போய் நாலு வருடமாக எவருக்கும் அசையாத ஜன்னல் அது. கடற்காற்று உள்ளே கொட்டியது. கிறிஸ்பின் சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏசி இல்லாமலே ஓடுது," என்று லஸ்குரைன் குறித்துக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. அரசாங்கத்துக்கு ஒரு ரேடார் மிச்சம் என்கிற சிரிப்பு அது என்று எதெல்மீராவுக்குத் தோன்றியது.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கிறிஸ்பினை ஓரமாக இழுத்துப் போனாள்.

"மேல பல்சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு மரக்கட்டை சொருகி வச்சிருக்கே, அதைப் பிடுங்கிடுங்க."

"அது மூணு வருஷம் முன்னாடி ரிப்பேருக்கு வந்த கான்ட்ராக்டர் சொருகினது மேடம். அதை எடுத்தா எல்லாம் ஆடிப் போயிடும்னு சொல்லிட்டுப் போனானே."

"ஆடட்டும்."

கிறிஸ்பின் படியேறிப் போனார். எதெல்மீரா திரையைப் பார்த்தாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில், மூன்று வருடமாகக் கறுப்பாகக் கிடந்த தென்கிழக்குக் கால்வாசி மெல்ல வெளுத்துத் தெரிய ஆரம்பித்தது. முதலில் கரை. அப்புறம் தீவு. அப்புறம் கடல், நூறு கிலோமீட்டர் தள்ளி வரைக்கும்.

கிறிஸ்பின் கட்டையோடு இறங்கி வந்து காதோரம் சொன்னார்: "ஒவ்வொரு சுத்துலயும் இது ஒரு சுவிட்சை அழுத்திக்கிட்டே இருந்திருக்கு மேடம். அந்தப் பக்கம் திரும்பறப்போ மட்டும் அணைச்சு அணைச்சு விட்டிருக்கு. நானும் மூணு வருஷமா அதை ஒட்டடை அடிச்சுச் சுத்தமா வச்சிருந்தேன்."

எதெல்மீரா அந்தக் கட்டையை வாங்கிப் பார்த்தாள். போன செப்டம்பரில் அந்தக் கறுப்பு மூலையிலிருந்துதான் ஒரு சூறாவளி சொல்லாமல் கொள்ளாமல் வந்து மூன்று படகுகளைக் கவிழ்த்தது. மீனவர் சங்கத் தலைவி மக்காரியாவின் தம்பி அன்செல்மோ இரண்டு நாள் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மிதந்தான். பிழைத்து வந்தான். ஆனால் இன்றுவரை குளிர்ந்த பானம் எதையும் தொடுவதில்லை. அந்தப் புயலைத் தான் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பது எதெல்மீராவுக்கு ஆறாத வேதனை. புது ரேடார் வந்தே ஆகவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதும் அதற்காகத்தான்.

"அழகு," என்றார் லஸ்குரைன், திரையைப் பார்த்து. "கரண்டு எப்படி இங்க?"

எதெல்மீராவுக்கு உயிர் வந்தது. "கரண்டா? கேக்காதீங்க சார். போனா போனதுதான். ஜெனரேட்டர் கிறிஸ்துமஸ்லேருந்து ஸ்டார்ட் ஆகல. தோன் கிறிஸ்பின், சாருக்குக் காட்டுங்க. மெயினை அணைங்க."

கிறிஸ்பின் அணைத்தார். விளக்கு போயிற்று. திரை போயிற்று. எதெல்மீரா வாழ்நாளில் அவ்வளவு இனிமையான இருட்டைப் பார்த்ததில்லை. அது நாலு விநாடி நீடித்தது. பிறகு கொல்லைப்பக்கத்தில் ஏதோ ஒன்று இருமியது, கனைத்தது, உறுமியது. விளக்கு வந்தது. திரை முன்னைவிடப் பளிச்சென்று வந்தது.

"எண்ணெய் போட்டியா அதுக்கு?" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அதுவரை அவரை அவள் ஒருமையில் பேசினதே இல்லை.

"இன்ஜினியர் வர்றாரேன்னு துடைச்சு மட்டும் வச்சேன்."

இனி ஒரே வழிதான் இருந்தது. பந்துக்குள் சுற்றும் தட்டைப் பிடித்திருக்கும் பெரிய போல்ட்டைக் கழற்றிவிட்டால் தட்டு அசையாது. ஒரு வாரத்துக்கு எவராலும் அசைக்க முடியாது. அவள் கண்ணைக் காட்டினாள். கிறிஸ்பின் பெரிய ஸ்பேனரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, திருடப் போகிறவர் மாதிரி, படியேறினார்.

லஸ்குரைனுக்குத் தேங்காய்த் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் எதெல்மீரா திரையைப் பார்த்தாள். தென்கிழக்கில், தீவுக்குப் பின்னால், நகத்தளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.

அடுத்த சுற்றில் அது கட்டைவிரல் அளவு ஆயிற்று. அதற்கடுத்த சுற்றில் நடுவே ஊதா நிறம் வந்தது. ஊதா வந்தால் பேய்மழை, கூடவே காற்று. அறுபது கிலோமீட்டர்தான் தூரம், வேகமாக வந்துகொண்டிருந்தது. மக்காரியாவின் ஐந்து படகுகள் விடியற்காலையில் அந்தத் தீவுப் பக்கம்தான் போயிருந்தன. பதின்மூன்று பேர்.

தேங்காய்த் தண்ணீர் லஸ்குரைனின் பேன்ட்டில் கொட்டியது. எதெல்மீரா படிகளில் பாய்ந்தாள். மொத்தம் அறுபத்திரண்டு படி. நாற்பத்தெட்டு வயதில் அவள் அப்படி ஓடியதே இல்லை.

"தொடாத," என்று கத்தினாள். "கிறிஸ்பின், அதைத் தொட்டா கையை முறிச்சிடுவேன்."

கிறிஸ்பின் போல்ட்டை முக்கால் சுற்று திருகியிருந்தார். "நீங்கதானே மேடம்..."

"இறுக்கு. நல்லா இறுக்கு. இறுக்கிட்டு இங்கயே உக்காரு. குளவி வந்தாலும் உள்ள விடாத."

திரும்ப இறங்கி வந்து வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தபோது மூச்சு வாங்கியது.

"மக்காரியா. படகையெல்லாம் திரும்பி வரச்சொல்லு. இப்பவே."

"என்னடி ஆச்சு உனக்கு?" என்றது மக்காரியாவின் குரல். "வானம் கண்ணாடி மாதிரி இருக்கு. வலை போட்டு அரைமணி நேரம்கூட ஆகல. வஞ்சிரம் பாய்ஞ்சு பாய்ஞ்சு விழுதாம்."

"தீவுக்குப் பின்னால பெரிசா ஒண்ணு வருது."

"அந்தப் பக்கம் உனக்குத்தான் தெரியாதே. மூணு வருஷமா நீயே சொல்றே."

"இன்னிக்குத் தெரியுது."

"இன்னிக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"அதைக் கெடுக்கப் போனேன், சரியாயிடுச்சு. அப்புறமா திட்டிக்கோ. வலையை அறுத்துப் போட்டுட்டு வரச்சொல்லு மக்காரியா. ஐஸ் பெட்டியை நம்பி இருக்க வேண்டாம்."

அப்புறம் மக்காரியா தன் ஆட்களைக் கூப்பிடும் குரல் கேட்டது. அவள் குரலுக்கு வயர்லெஸ்ஸே தேவையில்லை. ஜன்னல் வழியாகவும் கேட்டது.

முப்பத்தைந்து நிமிடம். எதெல்மீரா ஜன்னலோரம் நின்றாள். லஸ்குரைன் நனைந்த பேன்ட்டோடு பக்கத்தில் வந்து நின்றார். முதல் படகு வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து வந்தன. நாலாவது வந்தபோது தீவு கறுத்திருந்தது. ஐந்தாவது, வாலில் தீப்பிடித்த மாதிரி, துறைமுகத்து வாய்க்குள் நுழைந்து மணலில் ஏறவும் பின்னாலேயே காற்று வந்து மோதவும் சரியாக இருந்தது. கடைத்தெருவில் நாலு கூரைகள் பறந்தன. ஒரு தென்னை சாய்ந்தது. மழை பக்கவாட்டில் அடித்தது.

அத்தனைக்கும் நடுவில் மேலே முட்டை நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே கிறிஸ்பின் போல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரிந்த பிரார்த்தனையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மழை விட்டதும் மீனவர் சங்கக் கொட்டகையில் பெரிய அண்டாவில் மீன் சூப் கொதித்தது. பதின்மூன்று பேரும் எதெல்மீராவைத் தூக்காத குறைதான். அன்செல்மோ வந்து அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனான். பெரிய மீனின் தலையை மக்காரியா அவள் கிண்ணத்தில் போட்டாள்.

"வலை போச்சுடி எனக்கு," என்றாள். "தின்னு."

லஸ்குரைன் மேஜையில் ஒரு காகிதத்தை விரித்தார். 'ரேடார் மிக நல்ல நிலையில் இயங்குகிறது' என்று எழுதியிருந்தது. கீழே எதெல்மீராவின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

அவள் பேனாவை வாங்கினாள். எதிரே பதின்மூன்று பேர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு தோர்த்தியா ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். இனி எத்தனை வருடத்துக்கு இந்தக் கிழட்டு முட்டையோடு அழவேண்டுமோ, அழலாம் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகு மனசு கேட்கவில்லை.

"இன்ஜினியர் சார், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். காலையிலேருந்து நான் இதைக் கெடுக்கத்தான் பார்த்தேன். ஏசி, கட்டை, கரண்டு, எல்லாம். கடைசியா போல்ட்டையும் கழட்டச் சொன்னேன். கெட்டுப்போனாத்தான் புதுசு குடுப்பீங்கன்னு."

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. லஸ்குரைன் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தவர் முகம் வெளிறிப்போய், புரையேறி, இருமித் தீர்த்தார். டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார், நீயே சொல் என்பது போல.

டிரைவர் ஃபிதென்சியோ வாயில் இருந்த மீனை நிதானமாக மென்று விழுங்கினார்.

"நல்லவேளை அது உங்க பேச்சைக் கேக்கல, அம்மா," என்றார். "தெக்கே ஒரு ஊர்ல ரேடாரே கிடையாது; இங்க இருக்கற பழசு ஓடுச்சுன்னா அதைக் கழட்டி அங்க குடுத்துட்டுப் புதுசை உங்களுக்குக் குடுக்கணும், ஓடலைன்னா புதுசு நேரா அவங்களுக்குன்னு உத்தரவு."