பொட்டு வைத்த பொலிஸ் சான்றிதழ்

ஐந்தாம் வகுப்போடு நின்றவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அச்சடித்த காகிதம் எது வந்தாலும் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடுவோம். (படித்தவர்கள் அதில் வடை சுற்றுவார்கள்.) அந்த மரியாதை அளவு மிஞ்சியதால்தான் நான் ஒருநாள் அரச அலுவலகத்தில் தலை குனிந்து நின்றேன்.

மகள் வாசுகி இத்தாலியில், பலெர்மோவில். நான் திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்ட, தனியாக. என்னைத் தன்னோடு வைத்திருக்க அவள் வதிவிட அனுமதி கேட்டிருந்தாள். நான் குற்றம் செய்யாதவள் என்று பொலிஸ் சான்றிதழ் வேண்டுமாம். அதைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், உறுதிப்படுத்தி சீல் வாங்க வேண்டுமாம்.

"அடுத்த மாசக் கடைசிக்குள்ள வராட்டி பைலை மூடிப்போடுவாங்கள் அம்மா. பிறகு ரெண்டு வருசம் இழுபடும்" என்றாள் போனில்.

எனக்கு எழுபத்து மூன்று வயது. இரண்டு வருடத்தை யாரிடம் கடன் வாங்குவது?

விசாரிக்க ஒரு பொலிஸ்காரர் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றபடியே அவர் உட்காரக் கதிரையை முன்னால் தள்ளிவிட்டேன்.

"உங்களில ஏதும் வழக்கு, பிரச்சினை இருக்கோ அம்மா?"

அதை அறிய எனக்கே ஆவலாக இருந்தது. "யோசிச்சுச் சொல்லட்டோ தம்பி?" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

சான்றிதழ் வந்தது. எல்லாம் ஆங்கிலம். பக்கத்து வீட்டு ரஜனி வங்கியில் வேலை செய்பவள். அவள்தான் வாசித்தாள்.

"உங்களைப் பற்றிப் பிழையா ஒண்டும் இல்லையாம் அன்ரி."

"ஒண்டுமே இல்லையோ? வடிவாப் பார் பிள்ளை."

"ஒண்டுமே இல்லை."

இத்தனை காலம் வாழ்ந்தும் ஒன்றுமே இல்லையா என்று எனக்குச் சின்ன ஏமாற்றம்.

கலியாணக் கார்ட்டோ காணி உறுதியோ, நல்ல காரியத்துக்கான காகிதம் என்றால் மூலைகளில் மஞ்சள் பூசிப் பிள்ளையார் காலடியில் வைப்பது எங்கள் வழக்கம். நானும் வைத்தேன். மஞ்சளில் தண்ணீர் கூடிவிட்டது. நான்கு மூலைகளிலிருந்தும் அது நடுவை நோக்கி நடக்கத் தொடங்கியது. கீழே பொலிஸ் சீல் ஒன்று வட்டமாக, வெறும் நெற்றி போலக் கிடந்தது. அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு.

கச்சேரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் உத்தியோகத்தர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் மணந்தும் பார்த்தார்.

"இதென்னம்மா, பொலிஸ் ரிப்போட்டோ கலியாணக் கார்ட்டோ?"

"பிள்ளையாருக்கு வைச்சனான்." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆருக்கு?"

"பிள்ளையாருக்கு!" இந்த முறை வரிசை முழுவதற்கும் கேட்டது.

"சீல் வைக்கிறது எங்கட வேலையம்மா. பிள்ளையாருக்கு அந்த அதிகாரம் குடுக்கேல்லை. கையெழுத்திலயும் மஞ்சள் ஊறியிருக்கு, இதை உறுதிப்படுத்த ஏலாது. புதுசு எடுத்துக்கொண்டு வாங்கோ."

பின்னால் நின்றவர் குனிந்து, "கற்பூரமும் காட்டினனீங்களோ அம்மா?" என்று கேட்டார்.

காட்டியிருந்தேன். சொல்லவில்லை.

புதிய விண்ணப்பம் என்றால் புதிய விசாரணை. அதே பொலிஸ்காரர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"ரெண்டு கிழமைக்கு முன்னம்தானே வந்தனான். அதுக்குள்ள என்ன குற்றம் செய்தனீங்கள்?"

"குங்குமம் வைச்சனான் தம்பி."

கதையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. "ஓம், ஓம், இண்டைக்கே எழுதி அனுப்பிறன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

இரண்டாவது சான்றிதழை ரஜனியே போய் வாங்கினாள்; என் வீட்டுக்குள் கொண்டுவரவேயில்லை. "கையைப் பின்னால கட்டிக்கொண்டு வாங்கோ அன்ரி" என்று என்னை நேரே கச்சேரிக்குக் கூட்டிப் போனாள். அதே உத்தியோகத்தர் நான்கு மூலைகளையும் பார்த்தார், மணந்தார், பிறகுதான் சீலை எடுத்தார். அது எப்படி விழுகிறது என்று பார்க்கும் ஆசையில் நான் எக்கி நின்றேன். பைல் மூட முன்னரே காகிதம் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னாலேயே நானும்.

இங்கே கரண்ட் பில் வந்தால் மருமகன் அதை என்னிடம் நீட்டுவார். "மாமி, இதுக்கொரு பொட்டு வையுங்கோ, காசு குறையுதோ பாப்பம்."

என் வதிவிட அட்டை வந்த அன்று மட்டும் யாரும் நீட்டவில்லை. வாசுகி அதை அலுமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்தாள். ஒரு கதிரை போட்டு ஏறினால் எட்டுகிறது. அட்டை பிளாஸ்டிக். மஞ்சள் பூசினாலும் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுகிறது.