தொண்டையப்பனின் கொசுப்புழு ஆராய்ச்சி

ஒரு காட்டில், கொசுக்கடி என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாமல் இருந்தது. குளத்தில் புழு தலைகாட்டும், தவளையின் நாக்கு நீளும், கதை முடிந்துவிடும். இதில் ஆராய ஒன்றுமில்லையே என்பதுதான் தொண்டையப்பனின் குறை. தவளைக் குலத்திலேயே கல்லூரிப் படி மிதித்தவன் அவன் ஒருவன்தான்.

எப்படியோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான். நொச்சி இலைக்குள், செடிக்கே தெரியாமல் ஒரு பூஞ்சை குடியிருந்தது. அதைத் தட்டில் வளர்த்துச் சாறெடுத்துச் சொட்டுவிட்டால் கொசுப்புழு செத்து மிதந்தது.

வழிகாட்டிப் பேராசிரியர் ஆமைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “டாக்டர் பட்டம் உறுதிப்பா! ஆனா இனிமே புழு எல்லாம் சாம்பிள். உங்க ஆளுங்க வாயில வைக்கக் கூடாது. இந்தப் படிவத்துல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வா.”

நம்ம பையன் படிக்கிறானே என்று தவளைகள் கையெழுத்துப் போட்டுவிட்டு, எறும்பைத் தின்று காலம் தள்ளின.

ஏழு வருடம் ஓடியது. யானையின் காது தடித்துப் போனது. குரங்குகள் காய்ச்சலில் படுத்தன.

“மருந்து எப்பப்பா வரும்?” என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டாள் மந்தி.

“இன்னும் ஒரே ஒரு சோதனைதான்க்கா.”

அந்த நாளும் வந்தது. இரண்டு தொட்டிகள். சாறு விட்ட தொட்டியில் புழு சாக வேண்டும், வெறும் தண்ணீரில் நெளிய வேண்டும். அப்போதுதான் பட்டம். வெறும் தண்ணீர்ப் புழுவோ கொழுகொழுவென்று இருந்தது. ஏழு வருடப் பசி. நாக்கு போனதே தொண்டையப்பனுக்குத் தெரியாது. தெரிந்தபோது தொட்டி காலி.

தேர்வாளர் மயில் எட்டிப் பார்த்தார். “இதுல இருந்த புழு எங்கே?”

பொய் சொல்லியிருக்கலாம். அதற்குள் ஏப்பம் வந்துவிட்டது.

“தின்னுட்டேன் ஐயா.” அவனுக்கு அழுகையே வந்தது.

“தின்னு முடிக்க எவ்வளவு நேரமாச்சு?”

“ரெண்டு நிமிஷம்.”

“உன் சாறு கொல்றதுக்கு?”

“ரெண்டு நாள்.”

சோதனையைப் பார்க்கப் போர்வையோடு வந்திருந்த மந்தி அதை உதறினாள். “அப்ப எல்லாரும் தின்னுங்கப்பா!”

“பொறும்மா,” என்றார் மயில். “தவளை புழுவைத் தின்னும்னு ஏதாவது கட்டுரை வந்திருக்கா?”

“இல்லீங்க. சும்மா தின்போம்.”

“சும்மாவா! நல்ல தலைப்பாச்சே. இந்தப் பட்டம் போனா போகுது, இதுக்குப் புதுசா பதிவு பண்ணிக்கோ. நிரூபிக்கிற வரைக்கும் யாரும் தின்னக் கூடாது.”

ஆமை புதுப் படிவத்தை நீட்டினார். தொண்டையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். சுற்றிலும் காடே பட்பட்டென்று கொசு அடித்துக்கொண்டிருந்தது. கைதட்டல் என்று நினைத்து, அவன் குனிந்து வணக்கம் சொன்னான்.

நீதி: தின்றால் தீர்ந்துவிடும் தொல்லைக்கும் மேற்கோள் பட்டியல் தேவை. இந்த நீதியே இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. அதுவரை யாரும் பின்பற்ற வேண்டாம்.