கல்லூரிக்குள் வந்த தாமிரபரணி

ஒரு நதியை முழுசாகக் கல்லூரிக்குள் இழுத்து வந்துவிடலாம் என்று நம்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சரித்திர ஆசிரியர். பெயர் யாருக்கு ஞாபகம்? மாணவிகளுக்கு அவர் ‘ஆத்துத்தண்ணி ஐயா’.

எந்தப் பாடமானாலும் ஆராய்ச்சி தாமிரபரணியில்தான் தொடங்க வேண்டும் என்பார். கணக்கு ஆசிரியர் ஒருநாள் மடக்கினார்.

“கணக்குக்கும் ஆத்துக்கும் என்ன சம்பந்தம் அண்ணாச்சி?”

“வெள்ளம் வந்தா ஆத்து மண்டபம் எப்ப முங்கும்னு கணக்குப் போட்டுச் சொல்லும்வே, பாப்போம்!”

ஐயா சொன்னார் என்று படித்துறைப் பேச்சைச் சேகரிக்கப் போன தமிழ்ப் பண்டிதர், துணி துவைத்த பெண்களிடம் வாங்கிய வசவுகளோடு திரும்பினார். “அருமையான சரக்கு வே!” என்று ஐயா குதித்தார்.

அந்த வருஷம் ரசாயன வகுப்பு தொடங்க சர்வகலாசாலையிடம் அனுமதி கேட்டிருந்தோம். நான் மதராஸில் ரசாயனம் படித்துவிட்டு, அதைக் கற்பிக்க இங்கே வந்தவள். அனுமதி கிடைக்காவிட்டால், இங்குள்ள பெண்கள் அதைப் படிக்க மதராஸுக்குத்தான் போக வேண்டும். எந்த வீட்டில் அனுப்புவார்கள்?

பார்வையிட வரும் பரிசோதகர்களுக்குக் காட்ட, மலையடிவாரப் பாபநாசம் முதல் ஆறு கடலில் சேரும் கடல் முகம் வரை ஐயாவே போய்ப் புட்டிகளில் தண்ணீர் பிடித்து வந்தார். ரயிலில் மடி நிறையப் புட்டிகள். “மருந்தா அண்ணாச்சி?” என்றாராம் பக்கத்தில் இருந்தவர்.

“இல்ல வே, ஆறு.”

மதராஸிலிருந்து இரண்டு பரிசோதகர்கள் நல்ல வெயிலில் வந்து இறங்கினார்கள். நான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது, தோட்டக்காரர் சுடலை புட்டிகளைத் திறந்து தம்ளர்களில் ஊற்றி நீட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன செய்யுதீங்க?” என்று பதறினேன்.

“வெயில்ல வந்திருக்காவ. மொதல்ல தண்ணி குடுக்காண்டாமா தாயி?”

இளையவர் பாபநாசத்தைக் குடித்துவிட்டு, “கற்கண்டு!” என்றார். பெரியவருக்குக் கிடைத்தது கடல் முகம். முகம் எட்டுக் கோணலாயிற்று. தம்ளரை ஓசையோடு வைத்துவிட்டுக் கேட்டார்: “இந்தக் கல்லூரியின் பலம்தான் என்ன? எந்தத் துறைக்கு முதலிடம் தரப் போகிறீர்கள்?”

ஐயா முன்னால் வந்தார்.

“ஒரே ஆறு ஐயா. அவுகளுக்கு இனிக்குது, உங்களுக்குக் கரிக்குது. அந்தக் கரையில என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லுவேன். தண்ணிக்குள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்ல இந்தப் பிள்ளை வேணும்லா?”

பெரியவர் வாயைத் துடைத்தார். பிறகு சிரித்தார்.

“வகுப்பைத் தொடங்குங்கள். சர்வகலாசாலையில் நான் பேசிக்கொள்கிறேன். அதற்கு முன் குடிக்கிற தண்ணீர் கொஞ்சம் கொடுங்கள்.”

முதல் ரசாயன வகுப்பன்று கடைசி பெஞ்சில் ஐயாவும் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை விளங்கியிருக்காது. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மணி அடிக்கும்வரை நானும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாடம் நின்றிருக்கும்.