கோரஸ் அண்ணனின் கடைசி ஹம்மிங்

பலாங்கொடை மலைகளில் தராசில் தேயிலைக் கொழுந்து நிறுத்தவர்கள் எத்தனையோ பேர். அதை ராகம் போட்டு நிறுத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருக்கு எங்கள் தோட்டம் வைத்த பெயர் கோரஸ்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே ஆபீஸ் கிளாக்கர். கொழுந்து மூட்டையைத் தராசில் மாட்டியதும் கோரஸ் கண்ணை மூடிக்கொள்வார். "பதி...னாலு கிலோ... மாரியாயீ..." என்று இழுப்பார். "எனக்கு சோகமா வேணாம் அண்ணே, நேத்தும் சோகந்தான்!" என்று அடுத்தவள் சண்டைக்கு வருவாள். மழை கொட்டினாலும் பாட்டு முடியாமல் மூட்டை லொறி ஏறாது.

வாலிபத்தில் மதராசுக்குப் போய் ஒரு சினிமாவில் பாடினாராம். "கோரஸ்ல பத்துப் பேருங்க ஐயா. ஆனா கடைசியா ஒரு ஹம்மிங் வருது பாருங்க, அது நான் மட்டுந்தான். அந்தக் காலத்துல ரேடியோவுல அது ஓடாத நாளே இல்ல!"

ஃபெக்டரியில் தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா நம்பவில்லை. "ஒன் ஹம்மிங்க என் காதால கேட்டா மீசைய எடுக்கிறேன்டா!" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சாதாரண மீசையா அது? ஃபெக்டரிக்குள் முதலில் மீசை நுழையும், பிறகுதான் ஐயா.

கோரஸ் அதன்பின் பாடாமலே கொழுந்து நிறுத்தார். எனக்கே தாங்கவில்லை. "ஒரே ஒரு தடவ தோட்டம் கேட்டாப் போதுங்க ஐயா" என்றார்.

ஆளுக்கொரு தபாலட்டையில் அந்தப் பாட்டைக் கேட்டு ரேடியோ நேயர் விருப்பத்துக்கு எழுதச் சொன்னேன். அங்கேதான் தப்பு நடந்தது. ஒவ்வொரு குடும்பமும் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் எழுதிவிட்டது. ஃபிட்டர் சிறிபால தன் மாமியாரைக்கூட விடவில்லை. யாரோ நாய் மணியையும் சேர்த்திருந்தார்கள்.

ஞாயிறு மத்தியானம், கோயில் லவுட்ஸ்பீக்கரில் ரேடியோ. அறிவிப்பாளர் வாசிக்கிறார், வாசிக்கிறார், வாசித்துக்கொண்டே இருக்கிறார். "ஐயோ, எம் பேரு! எம் பேரு!" என்று ஒரே கூச்சல். "செல்வன் மணி" என்றதும் விசில் பறந்தது. ஒருவழியாகப் பாட்டு தொடங்கியது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதின் நடுவில் பீப், பீப்... செய்திகள்!

"அபோ!" என்று தலையில் கைவைத்தார் சிறிபால. எல்லாரும் கோரஸைப் பார்த்தோம். அவர் லவுட்ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, விட்ட இடத்திலிருந்து எடுத்தார் பாருங்கள்! மிச்சச் சரணம், பத்துப் பேர் கோரஸ், கடைசி ஹம்மிங், எல்லாமே அவர்தான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கிழவிகள் அழுதார்கள்.

மறுநாள் டீமேக்கர் ஐயா மீசையில்லாமல் வந்தார். "ரேடியோவுல வரலியே ஐயா?" என்றேன்.

"என் காதால கேட்டேன்ல?" என்றார்.

பல வருடம் கழித்து இரத்தினபுரி பஸ்ஸில் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டேன். கடைசி ஹம்மிங் வந்தது. சந்தேகமே இல்லாத பெண் குரல்.

இதுவரை நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அந்த அம்மா நன்றாகத்தான் பாடியிருந்தார். ஆனாலும் எங்கள் கோரஸ் அளவுக்கு இல்லை.