மலர்க்கொடியின் ஆய்வேடும் நீ அனுப்பிய மெமரியும்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
புதன்கிழமை

அன்பு மைத்துனன் தேவநாதனுக்கு, மாமா சடையப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அக்கா மலர்க்கொடி நலம், கம்ப்யூட்டர் மட்டும் நலமில்லை. சிதம்பரத்தில் நீயும் ஸ்ரீமதியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க நடராசர் துணை இருப்பார். மரியாதை இதோடு முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் போனில் கத்தியதில் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அக்காவின் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று உன்னிடம் சொன்னது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "மாமா, எஸ்.எஸ்.டி. டிஸ்க் ஒண்ணு, மெமரி ஒண்ணு போட்டு, புது ஓ.எஸ். ஏத்துனா பறக்கும் மாமா" என்று ஆசை காட்டியது யார்? இரண்டையும் பென்டிரைவோடு கூரியரில் அனுப்பியது யார்? அவள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, திரும்பி வந்ததும் ஆச்சரியப்படட்டும் என்று வேலையை ஆரம்பித்தேன். முப்பது வருஷம் பஸ் பணிமனையில் எஞ்சின் இறக்கி ஏற்றியவன் நான். முறைப்படி நல்ல நேரம் பார்த்து, புதுச் சாமான்களைச் சாமி படத்தின் முன் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டித்தான் மாட்டினேன். பணிமனையில் ஒரு டயரைக்கூடப் பொட்டில்லாமல் மாட்டியதில்லை. இன்ஸ்டலேஷன் அறுபத்துமூன்று சதவீதம் வரை ஜோராகப் போனது. பிறகு நீலத் திரை வந்து, தானாக அணைந்து, தானாக எழுந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நான்கு தடவை இப்படியே ஆனது. பயந்துபோய்ப் பழைய டிஸ்கை மட்டும் திரும்ப மாட்டினேன். அதிலும் அதே நீலத் திரை! அந்த டிஸ்கில்தான் அக்கா இரண்டு வருஷமாக எழுதிய எம்.ஃபில். ஆய்வேடு இருக்கிறது, நூற்றுப் பன்னிரண்டு பக்கம். வேறு காப்பி கிடையாது. திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கேட்டால் சரிசெய்யப் பத்து நாள் ஆகும் என்கிறார்.

இந்த நிலைமையில் நீ போனில் என்ன சொன்னாய்? "மாமா, அந்த மெமரியக் கழட்டித் தொடச்சு மாட்டிப் பாருங்க." அப்போதுதான் உறை பிரித்த பொருளை எதற்குடா துடைக்க வேண்டும்? "மாட்டுறதப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?" என்று நான் கத்தியது அதனால்தான். நீ அனுப்பிய சரக்கு மட்டம் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

உன் அக்கா ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். "பரவால்ல விடுங்க. மீன்காரம்மாங்க சொன்னதெல்லாம் காதுலயே இருக்கு, எழுதிக்கலாம்" என்றாள். கோடு போட்ட தாள் வாங்கி வந்து, முதல் பக்கத்திலிருந்து கையால் எழுத உட்கார்ந்துவிட்டாள். அட்டவணைக்குப் பென்சிலால் கோடு போடுவதும் அழிப்பதுமாக மூன்று நாளாகக் குனிந்த தலை நிமிரவில்லை. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் பெண்களைப் பற்றியது அது. சுனாமிக்குப் பிறகு முதல் நாள் கூடையோடு தெருவுக்கு வந்த ஒருத்தி சொல்கிறாள்: "ஒரு வூட்லயும் கதவத் தொறக்கலக்கா. நான் மீன் விக்க மட்டும் வரல, மனுசங்க மூஞ்சியப் பாக்கத்தான் வந்தேன்." எந்தத் தெரு என்று கேட்டேன். "நம்ம தெருதாங்க" என்றாள்.

தேவநாதா, இரண்டு வருஷமாக அவள் விடியற்காலையில் கடற்கரைக்குப் போய்வந்தாள். நான் கேட்டதெல்லாம், "வஞ்சிரம் கிடைச்சுதா?" ஒரே ஒரு பக்கத்தையாவது படித்திருந்தால் இன்று நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் கிடைத்த படிப்பு இது. அதைக் கெடுத்துவிட்டேன். கெடுத்துவிட்டோம். உனக்கும் பங்கு உண்டு.

நீ அனுப்பிய மெமரியை இக்கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். இனி என் வீட்டுச் சாமான் எதற்கும் யோசனை சொல்லாதே. ஸ்ரீமதிக்கு என் ஆசிகள், பிள்ளைகளுக்கு முத்தங்கள். உனக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மாமா சடையப்பன்

பி.கு.: உறையில் போடுவதற்காக மெமரியைக் கழற்றினேன். அடியில் தங்க நிறத்தில் வரிசையாகப் பல் இருக்கிறதே, மங்கலமாகத் தெரிந்ததால் பொட்டை அங்கேதான் வைத்திருந்தேன். சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. அக்கா அதை வாங்கி, பென்சில் கோடு அழிக்கும் ரப்பரால் தேய்த்துக் கொடுத்தாள். மாட்டினேன். பழைய டிஸ்க் எழுந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் பத்திரம். மேலே உன்னைப் பற்றி எழுதியதையெல்லாம் என்னைப் பற்றி எழுதியதாக மாற்றிப் படித்துக்கொள். திங்கட்கிழமை கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் சாப்பிட வா. புது ஓ.எஸ்.ஸை நீயே ஏற்று, அதுவும் அவள் சமர்ப்பித்த பிறகு.

முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தேன். நன்றியுரையில் உன் பெயர் இருக்கிறது. கடைசி வரியில் நான்: "இரண்டு ஆண்டுகளும் என் கணினியைத் தொடாமல் இருந்த என் கணவருக்கு நன்றி." அவளைப் பார்த்தேன்.

"எழுதுனப்போ அது உண்மைதாங்க" என்றாள்.