பேட்டரிக்கு இட்ட சந்தனம்

எதையும் பின்விளைவு யோசித்துச் செய்பவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எனக்கு வைத்தவனும் நானே. சமூகப்பணியில் முதுகலை முடித்திருந்த அந்த வருடம், உழவருக்கும் உழைப்பாளருக்கும் காவிரிக்கும் என்ன நேரும் என்று எண்ணிப் பார்க்காமல் நான் பல்கூடத் துலக்கியதில்லை. (அதற்குள் காபி ஆறிப்போகும்.)

பெரியப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். குடும்பம் முழுவதும் முதல் நாளே வேனில் போய்விட்டது. கும்பகோணத்து ஆசாரி தாலியைக் காலையில்தான் தர முடியும் என்றதால், அதை வாங்கிக்கொண்டு பத்தரை மணி முகூர்த்தத்துக்குள் வந்து சேரும் பொறுப்பு என்னுடையது. வாடகைக் கார் வைத்துக்கொள்ளச் சொன்னார் பெரியப்பா. ஒற்றை ஆளுக்கு ஒரு காரா, பூமி என்ன ஆவது என்று அவருக்கு விளக்கி, மோட்டார் சைக்கிளிலேயே வருவதாக வாக்களித்தேன்.

முந்தைய நாள் மாலை வண்டி மக்கர் செய்தது. செல்ஃப் பொத்தானை அழுத்தினால் டிக் டிக் என்றது. ஹாரன் கன்றுக்குட்டி போல முனகியது. முகப்பு விளக்கு மங்கியது. செல்பேசியில் நான்கு காணொளிகளைப் பார்த்துவிட்டு, பேட்டரி பலவீனம் என்று தீர்ப்பளித்தேன். மெக்கானிக்கிடம் காட்டவில்லை. கற்றவன் தன் கையால் உழைக்க வேண்டும் என்பது அப்போதைய கொள்கை. புதிய பேட்டரி வாங்கினேன். பழையதன் ஈயம் வாய்க்கால் தண்ணீரில் கலந்துவிடக் கூடாதே என்று அதைக் கடைக்காரரிடமே ஒப்படைத்து, முறையாக மறுசுழற்சிக்குப் போகுமா என்று மூன்று முறை கேட்டேன். (நான்காவது முறை கேட்டபோது அவர் ஷட்டரை இறக்கினார்.)

மாட்டுவதற்கு முன் இன்னொரு கடமை இருந்தது. ஆயுத பூஜையில் எல்லோரும் முகப்பு விளக்குக்குத்தான் பொட்டு வைக்கிறார்கள். சீட்டுக்கு அடியில், இருட்டில் கிடந்து உழைக்கும் பேட்டரியை யார் நினைக்கிறார்கள்? அடித்தட்டு உழைப்பாளிக்குச் செய்யும் மரியாதையாக, அந்த வருடப் பூஜையின்போது பழைய பேட்டரியின் இரு முனைகளிலும் சந்தனம் பூசி, அதன்மேல் வயர்களை வைத்து முறுக்கியிருந்தேன். புதியதற்கும் அதே மரியாதை, சற்றுத் தாராளமாகவே. வண்டி உடனே உறுமியது. என்மேல் எனக்கிருந்த மதிப்பு இன்னும் உயர்ந்தது.

காலையில் தாலிப் பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். குத்தாலம் தாண்டி ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. வரிசையில் நின்ற ஒருவரும் எஞ்சினை அணைக்கவில்லை. முன்னுதாரணமாக நான் அணைத்தேன். ரயில் போயிற்று, கேட் திறந்தது, எல்லோரும் போனார்கள். என் வண்டி ‘டிக்’ என்றது. ஒரே ஒரு டிக்.

கிக்கர் இல்லாத வண்டி. தள்ளிக்கொண்டு ஓடினேன். சம்பா வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எங்கே இவ்வளவு அவசரம் என்று ஒரு அக்கா விசாரிக்க, பெரியம்மாவுக்குத் தாலி கொண்டுபோகிறேன் என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

“பெரியம்மாவுக்கா? இத்தன நாளா கட்டாமலா வச்சிருந்தாரு ஒங்க பெரியப்பா?”

வயலே சிரித்தது. அறுபதாம் கல்யாணத்தை விளக்கும் நிலையில் நான் இல்லை.

இரண்டு கிலோமீட்டர் தள்ளியபின் ஒரு பட்டறை தென்பட்டது. அதை வைத்திருந்த பாய் சீட்டைக் கழற்றி உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் உள்ளே பார்த்தார்.

“யாருங்க தம்பி, முனையில சந்தனம் பூசினது?”

தத்துவத்தை விளக்கினேன். இருட்டு, உழைப்பு, மரியாதை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நெத்தியில பூசுனா சரிங்க. வாய்க்குள்ள திணிச்சா அது எப்படிப் பேசும்? ஈரமா இருந்த வரைக்கும் ஏதோ முனகியிருக்கு. காஞ்சதும் ஓடு மாதிரி அடச்சுக்கிச்சு.”

பழைய பேட்டரிக்கும் இதே வைத்தியம்தானே என்று மெல்லக் கேட்டேன். அதற்கு நோயே இருந்திருக்காது என்றார். உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு, வண்டி கிளம்பியது. மணி பத்தேகால். திருக்கடையூருக்கு இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.

கோயிலுக்குள் நான் ஓடி நுழைந்தபோது பெரியப்பா மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறும் அதில் ஒரு மஞ்சள் கிழங்கும் தொங்கின. முகூர்த்தம் தவறப்போகிறது என்று எல்லோரும் கையைப் பிசைய, கிழங்கைக் கேட்டு வாங்கி முடிச்சுப் போடச் சொன்னவர் பெரியம்மாதானாம். நான் பெரியம்மாவிடம் பெட்டியை நீட்டினேன். கை கிரீஸாக இருந்தது.

“வேணாம்டா. ஒரே ஆளுக்கு எத்தன தடவதான் கழுத்த நீட்டுறது? இத சாமி உண்டியல்ல போட்டுட்டு வந்து சாப்பிடு.”

மண்டபம் குலுங்கியது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. மூன்று மாதம் என்னோடு பேசவும் இல்லை.

சென்ற ஆண்டு என் திருமணம். தாலி முதல் நாளே வந்து, பெரியப்பாவின் பூட்டிய பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. ஆனாலும் மணமேடைத் தாம்பாளத்தில், தேங்காய்க்குப் பக்கத்தில், கயிறு கோத்த ஒரு மஞ்சள் கிழங்கு தயாராகக் காத்திருந்தது. இது எதற்கு என்று மணப்பெண் கேட்டாள். நாதஸ்வரத்தையும் மீறிப் பெரியம்மா பதில் சொன்னார்:

“மாப்பிள்ளை பைக்லதான் மண்டபத்துக்கு வர்றேன்னாரும்மா. எதுக்கும் இருக்கட்டுமேன்னுதான்.”